ஆறாம் வகுப்போடு நின்ற பள்ளி: மேரி சைமனின் பொதுப்பணியும் இனுவிட் கல்வியும்

2021 ஜூலை 6 அன்று கனடாவின் 30ஆவது தலைமை ஆளுநராக மேரி சைமனின் பெயர் அறிவிக்கப்பட்டது. அந்நாட்டின் தொல்குடிகளிலிருந்து ஒருவர் அப்பதவிக்கு வந்தது அதுவே முதல் முறை. ஆனால் சில நாட்களிலேயே விவாதம் வேறு பக்கம் திரும்பிவிட்டது. ஆங்கிலமும் தம் தாய்மொழியான இனுக்டிடுட்டும் பேசும் அவருக்கு, நாட்டின் இன்னோர் அலுவல் மொழியான பிரெஞ்சு பேச வராது. இதைச் சுட்டி அலுவல் மொழிகள் ஆணையருக்கு 1,000க்கும் மேற்பட்ட புகார்கள் சென்றன. பிரெஞ்சு மொழியின் கோட்டையான கியூபெக் மாகாணத்தில் பிறந்து வளர்ந்தவருக்கு அந்த மொழி எப்படித் தெரியாமல் போயிற்று என்று கனடாவுக்கு வெளியே இருந்தவர்களும் வியந்தனர்.

இதற்கான விடையை அவருடைய விருப்பு வெறுப்புகளில் தேடினால் கிடைக்காது. ஒரு நீதிமன்றத் தீர்ப்பிலும், செலவை ஒருவர் தலையில் மற்றவர் கட்டப் பார்த்த இரண்டு அரசுகளின் போக்கிலும், ஆறாம் வகுப்புக்கு மேல் வளராத ஒரு பள்ளியிலும் அது இருக்கிறது. அந்த வரலாற்றை அறிந்தவர்களுக்குக் கல்வி, இளையோர் நலம், ஆராய்ச்சி என்று மூன்று துறைகளில் பரவிக்கிடக்கும் அவருடைய அரை நூற்றாண்டுப் பணி ஒரே கேள்வியின் மூன்று முகங்களாகத் தெரியும். ஓர் இனுவிட் குழந்தை எதை, எந்த மொழியில் கற்க வேண்டும் என்பதையும், அந்த மக்களைப் பற்றி எதை ஆராய வேண்டும் என்பதையும் முடிவு செய்பவர் யார் என்பதே அந்தக் கேள்வி.

முதலில் சில சொற்கள்

1. இனுவிட் என்பது 'மக்கள்' என்று பொருள்படும் பன்மைச் சொல். ஒருவரைக் குறிக்கும்போது இனுக் என்பார்கள். கனடா, கிரீன்லாந்து, அலாஸ்கா, ரஷ்யாவின் சுகோட்கா ஆகிய இடங்களில் வாழும் ஆர்க்டிக் மக்கள் இவர்கள். 'எஸ்கிமோ' என்பது வெளியார் வைத்த பெயர். கனடாவில் அது இன்று ஏற்கப்படுவதில்லை. 2021 கணக்கெடுப்பின்படி கனடாவில் ஏறத்தாழ 70,000 இனுவிட் மக்கள் உள்ளனர்.

2. இனுவிட் நூனங்கட் என்பது அவர்களுடைய தாயகம். நிலத்தோடு நீரையும் உறைபனியையும் சேர்த்தே அந்தச் சொல் குறிக்கிறது. மேற்கிலிருந்து கிழக்காக இனுவியலுயிட் பகுதி, நூனவுட், நூனாவிக், நூனட்சியாவுட் என அது நான்கு பிரிவுகளைக் கொண்டது. அங்குள்ள ஐம்பதுக்கும் சற்று அதிகமான ஊர்களில் பெரும்பாலானவற்றுக்குத் தெற்கிலிருந்து சாலை கிடையாது. விமானமும், கோடையில் வரும் கப்பலுமே வழி.

3. நூனாவிக் என்பது கியூபெக் மாகாணத்தின் வடகோடி. மேரி சைமன் பிறந்த காங்கிக்சுவாலுஜுவாக் என்னும் சிற்றூர் அங்கே உங்காவா விரிகுடாவின் ஓரத்தில் இருக்கிறது.

4. பகல் பள்ளி, உறைவிடப் பள்ளி. இரண்டுமே கனடிய மைய அரசு தொல்குடிப் பிள்ளைகளுக்காக நடத்தியவை அல்லது நிதி கொடுத்துத் தேவாலயங்கள் வழியே நடத்தச் செய்தவை. உறைவிடப் பள்ளிகளில் பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு ஆண்டின் பெரும்பகுதியைத் தொலைவில் கழித்தனர். பகல் பள்ளிகளில் மாலையில் வீடு திரும்பலாம். தாய்மொழியை ஒதுக்கிவைத்ததில் மட்டும் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

5. தலைமை ஆளுநர் என்பவர் கனடாவில் முடியாட்சியின் பிரதிநிதி. சட்டங்களுக்கு ஒப்புதல் தருவது, நாடாளுமன்றத்தைக் கூட்டுவது போன்றவை அவருடைய கடமைகள். கட்சி அரசியலில் தலையிடும் அதிகாரம் அவருக்கு இல்லை. ஆகவே பள்ளிகள் குறித்த எந்த முடிவையும் அந்த இருக்கையில் இருந்துகொண்டு அவர் எடுக்க முடியாது. அவருடைய உண்மையான பணி அதற்கு முந்திய ஐம்பது ஆண்டுகளில் நடந்தது.

1939ஆம் ஆண்டின் தீர்ப்பும் ஒரு சிறுமியின் பள்ளியும்

1912இல் கியூபெக்கின் எல்லை வடக்கே விரிக்கப்பட்டபோது இன்றைய நூனாவிக் அம்மாகாணத்தோடு சேர்க்கப்பட்டது. அங்கு வாழ்ந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. 1930களில் பொருளாதார நெருக்கடி முற்றிய காலத்தில், அம்மக்களுக்கு நிவாரணம் வழங்கும் செலவை ஏற்க வேண்டியது மைய அரசா மாகாண அரசா என்ற வழக்கு எழுந்தது. உரிமையைக் கோரி எழுந்த வழக்கன்று அது. பொறுப்பை உதறுவதற்காக எழுந்த வழக்கு. 1939இல் கனடாவின் உச்ச நீதிமன்றம், அரசியலமைப்புச் சட்டத்தில் உள்ள 'இந்தியர்' என்ற சொல்லுக்குள் கியூபெக்கின் இனுவிட் மக்களும் அடங்குவர் என்றும், எனவே அவர்கள் மைய அரசின் பொறுப்பு என்றும் தீர்ப்பளித்தது.

மேரி சைமன் பிறந்தது 1947 ஆகஸ்டில். தாய் இனுவிட் இனத்தவர்; தந்தை மனிடோபா மாகாணத்திலிருந்து வடக்கே வந்து ஹட்சன்ஸ் பே நிறுவனத்தின் வணிக நிலையத்தை நடத்தியவர். தாயிடமும் பாட்டியிடமும் மொழியையும் வாழ்முறையையும் கற்றுக்கொண்டு, வேட்டைக்கும் மீன்பிடிக்கும் கூடாரத்தோடு இடம் பெயரும் குடும்பத்தில் அவர் வளர்ந்தார். படித்தது ஃபோர்ட் சிமோவில் (இன்றைய கூஜுவாக்) இருந்த மைய அரசின் பகல் பள்ளியில். அங்கே ஆறாம் வகுப்பு வரைதான் இருந்தது. அதன்பின் வீட்டில் தந்தையே அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார்.

தந்தை வெள்ளையர் என்பதால் அவரை உறைவிடப் பள்ளிக்கு அனுப்ப விதிகள் இடம் தரவில்லை. அவர் வயதுப் பிள்ளைகள் பலர் தொலைதூரத்துக்கு அனுப்பப்பட, அவர் ஊரிலேயே தங்கினார். பிள்ளைகளைப் பிரிந்த வீடுகளுக்குச் செல்லும்போது, இல்லாமற்போன மகனுக்கோ மகளுக்கோ ஈடாகத் தம்மை அந்தப் பெற்றோர் பாசத்தோடு பார்த்ததாகப் பிற்காலத்தில் அவர் பொதுமேடையில் நினைவுகூர்ந்திருக்கிறார். உறைவிடப் பள்ளிகளைப் பற்றிய பதிவுகளில் அங்கே சென்ற பிள்ளைகளின் துயரம் நிறைய உண்டு. பிள்ளைகளே இல்லாத ஊர் எப்படி இருந்தது என்பதற்கான சாட்சியம் குறைவு. அவர் சொன்னது அந்த அரிய வகையைச் சேர்ந்தது.

இனி பிரெஞ்சு எப்படி விடுபட்டது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

1. 1939இன் தீர்ப்புக்குப் பிறகு நூனாவிக் மக்கள் மைய அரசின் பொறுப்பாயினர்.

2. மைய அரசின் வடபுல அலுவலர்கள், வணிக நிறுவனத்தார், ஆங்கிலிக்கன் திருச்சபையினர் என அங்கே ஊன்றியிருந்த வெளியார் பெரும்பாலும் ஆங்கிலம் பேசியவர்கள்.

3. எனவே அங்கு நடத்தப்பட்ட மைய அரசுப் பள்ளியின் மொழி ஆங்கிலம். பிரெஞ்சு ஒரு பாடமாகக்கூட வைக்கப்படவில்லை. இனுக்டிடுட் மொழிக்கும் அங்கே இடமில்லை.

4. கியூபெக் அரசு வடக்கின் பக்கம் திரும்பியது 1960களில்தான். 1963இல் அதற்கென்று ஒரு நிர்வாகத்தை அமைத்து, தொடக்க வகுப்புகளை இனுக்டிடுட்டில் நடத்தும் பள்ளிகளைத் திறக்கத் தொடங்கியது. அப்போது மேரி சைமனுக்குப் பதினாறு வயது.

சில காலம் ஒரே ஊரில் மைய அரசின் ஆங்கிலப் பள்ளியும் மாகாண அரசின் பள்ளியும் போட்டியாக இயங்கிய விந்தையும் நிகழ்ந்தது. இரண்டுமே ஊராரைக் கேட்டு அமைக்கப்பட்டவை அல்ல.

ஒப்பந்தத்தின் வழியே வந்த பள்ளி வாரியம்

1969 முதல் 1973 வரை மேரி சைமன் கனடிய ஒலிபரப்புக் கழகத்தின் வடபுலச் சேவையில் தயாரிப்பாளராகவும் அறிவிப்பாளராகவும் பணியாற்றினார். மெக்கில் பல்கலைக்கழகத்தில் இனுக்டிடுட் கற்பித்தார். ஆறாம் வகுப்போடு பள்ளி நின்றுபோனவர், பள்ளி ஒதுக்கிவைத்த அதே மொழியைப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்க அழைக்கப்பட்டார்.

அதே காலத்தில் நூனாவிக்கின் விதியை மாற்றிய நிகழ்வு தொடங்கியது. 1971இல் கியூபெக் அரசு ஜேம்ஸ் பே பகுதியின் ஆறுகளை அணைகட்டி மின்சாரம் எடுக்கும் மாபெரும் திட்டத்தை அறிவித்தது. அந்நிலத்தில் வாழ்ந்த கிரீ மக்களையும் இனுவிட் மக்களையும் அரசு கலந்து பேசவில்லை. அவர்கள் நீதிமன்றம் சென்றனர். 1973 நவம்பரில் நீதிபதி ஆல்பர்ட் மலூஃப் பணிகளை நிறுத்தச் சொல்லித் தடை விதித்தார். ஒரே வாரத்தில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. ஆயினும் பேச்சுவார்த்தையைத் தவிர்க்க முடியாது என்பது அரசுக்குப் புரிந்துவிட்டது. 1975 நவம்பர் 11 அன்று ஜேம்ஸ் பே, வட கியூபெக் ஒப்பந்தம் கையெழுத்தானது.

நிலம், இழப்பீடு, வேட்டை உரிமை ஆகியவையே இந்த ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசுவோர் வழக்கமாகக் குறிப்பிடுபவை. அதன் பதினேழாம் பிரிவு கல்வியைப் பற்றியது என்பது பலர் கவனிக்காத செய்தி. அப்பிரிவின்படி காடிவிக் பள்ளி வாரியம் உருவானது. ஊர்கள் தேர்ந்தெடுக்கும் உறுப்பினர்களைக் கொண்ட அந்த வாரியத்துக்குப் பாடத்திட்டத்தை வகுக்கவும், பயிற்று மொழியை முடிவு செய்யவும், இனுவிட் ஆசிரியர்களைப் பயிற்றவும் அதிகாரம் கிடைத்தது. தொடக்க வகுப்புகள் இனுக்டிடுட்டில் நடக்கும். அதன்பின் பெற்றோர் ஆங்கிலத்தையோ பிரெஞ்சையோ இரண்டாம் மொழியாகத் தேர்ந்துகொள்ளலாம் என்ற முறை நிலைபெற்றது. மைய அரசு தர மறுத்த பிரெஞ்சும் இனுக்டிடுட்டும் ஊராரின் கட்டுப்பாட்டில் ஒருசேரக் கிடைத்தது இந்த ஒப்பந்தத்தின் வழியாகத்தான்.

இதற்குக் கொடுத்த விலையையும் சொல்லியாக வேண்டும். நிலத்தின் மீதான பழைய உரிமைகளை விட்டுக்கொடுப்பதாக ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது. அதை ஏற்க முடியாது என்று புவிர்னிட்டுக், இவுஜிவிக் ஊரார் கையெழுத்திட மறுத்தனர். அவர்களுடைய மறுப்பு அறியாமையால் வந்ததென்று சொல்வது நேர்மையாகாது. பள்ளியும் மருத்துவமனையும் கனடாவின் எந்தக் குடிமகனுக்கும் கிடைக்க வேண்டியவை. அவற்றைப் பெற ஒரு மக்கள் ஏன் நிலத்தை விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற அவர்களுடைய வாதத்துக்கு இன்றளவும் யாரும் சரியான மறுமொழி சொல்லவில்லை.

மேரி சைமன் அப்போது வட கியூபெக் இனுவிட் சங்கத்தில் இருந்தார். ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்துவதற்காக 1978இல் அமைந்த மாகிவிக் கழகத்தில் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, பின்பு அதன் தலைவராகி 1985 வரை பொறுப்பு வகித்தார்.

அரசியலமைப்பு மேசையும் தூதர் பதவியும்

இடைப்பட்ட பதவிகளைச் சுருக்கமாகவே பார்க்கலாம். 1982இல் கனடாவின் அரசியலமைப்புச் சட்டம் பிரிட்டனிலிருந்து நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டபோது, தொல்குடிகளின் உரிமைகளையும் அவர்கள் செய்துகொண்ட உடன்படிக்கைகளையும் உறுதி செய்யும் 35ஆம் பிரிவு அதில் சேர்க்கப்பட்டது. அதைத் தொடர்ந்து நடந்த முதலமைச்சர் மாநாடுகளில் இனுவிட் தரப்பின் முதன்மைப் பேச்சாளர்களில் அவரும் ஒருவர். 1986 முதல் 1992 வரை நான்கு நாடுகளின் இனுவிட் மக்களை இணைக்கும் சுற்றுதுருவ மன்றத்துக்குத் தலைமை வகித்தார். பனிப்போர் முடியாத அந்த நாட்களில் மாஸ்கோ வரை சென்று, சுகோட்காவில் துண்டிக்கப்பட்டிருந்த உறவினரைச் சந்திக்க வழி தேடிய குழுவை அவரே நடத்திச் சென்றார். 1994இல் கனடாவின் முதல் சுற்றுதுருவத் தூதராக, அதாவது வடதுருவத்தைச் சூழ்ந்த பகுதிகளின் விவகாரங்களுக்கான தூதராக, நியமிக்கப்பட்டார். இனுவிட் ஒருவர் கனடாவின் தூதரானது அதுவே முதல் முறை. பின்னர் டென்மார்க்கிலும் தூதராக இருந்தார். டிரென்ட் பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் விளங்கினார்.

இவற்றுள் நீடித்த பயன் தந்தது 1996இல் ஒட்டாவாவில் உருவான ஆர்க்டிக் மன்றம் என்றே கருதுகிறேன். எட்டு நாடுகள் சேர்ந்த அம்மன்றத்தில் தொல்குடி அமைப்புகளுக்கு 'நிலையான பங்கேற்பாளர்' என்ற தகுதி உண்டு. வாக்கு இல்லை, ஆனால் மேசையில் இடமும், முடிவெடுப்பதற்கு முன் கலந்தாலோசிக்கப்படும் உரிமையும் உண்டு. அரசுகள் கூடிப் பேசும் அவையில் அரசல்லாத மக்களுக்கு அப்படியோர் இடம் கிடைத்தது உலகில் அரிது. அதை அமைக்கும் பேச்சுகளில் கனடாவின் தரப்பில் முன்நின்றவர் மேரி சைமன்.

ஆராய்ச்சி: கேள்வியைக் கேட்பவர் யார்?

ஆர்க்டிக் பகுதி நெடுங்காலம் வெளியார் வந்து அளந்துவிட்டுப் போகும் இடமாக இருந்தது. மனிதர்களின் இரத்தம், பல், தாய்ப்பால், விலங்குகளின் கொழுப்பு என்று மாதிரிகள் தெற்கே சென்றன; முடிவுகள் பெரும்பாலும் வடக்கே திரும்பவில்லை. இதன் விளைவை இரண்டு நிகழ்வுகள் காட்டும்.

முதலாவது, திமிங்கிலக் கணக்கு. 1977இல் பன்னாட்டுத் திமிங்கில ஆணையம் வில்தலைத் திமிங்கிலங்கள் அழிவின் விளிம்பில் இருப்பதாகக் கருதி அலாஸ்கா வேட்டைக்குத் தடை விதித்தது. பனியின் விளிம்பில் நின்று கண்ணால் எண்ணிய கணக்கே அதற்கு அடிப்படை. திமிங்கிலங்கள் கண்ணுக்குப் படாமல் பனிக்கட்டியின் அடியிலும் செல்கின்றன என்று அங்குள்ள வேட்டைக்காரர்கள் சொன்னார்கள். நீருக்குள் ஒலிவாங்கிகளை இறக்கிக் கேட்டபோது அவர்கள் சொன்னதே சரியென்று தெரிந்தது. எண்ணிக்கை பழைய மதிப்பீட்டைவிடப் பன்மடங்காக இருந்தது. சுற்றுதுருவ மன்றம் பிறந்ததும் அதே 1977இல், அதே அலாஸ்கா கரையில்தான்.

இரண்டாவது நூனாவிக்கிலேயே நடந்தது. அதன் கனம் வேறு. 1980களின் பிற்பகுதியில் கியூபெக்கின் ஆய்வாளர்கள் தாய்ப்பாலில் கலந்துள்ள நச்சுப்பொருள்களை அளந்தனர். தொழிற்சாலைகளே இல்லாத நூனாவிக்கில் பால் தூய்மையாக இருக்கும், ஒப்பிட்டுப் பார்க்க உதவும் என்ற எண்ணத்தில்தான் அங்கிருந்தும் மாதிரிகள் பெறப்பட்டன. ஆனால் பி.சி.பி. என்னும் வேதிப்பொருளின் அளவு தென் கியூபெக் பெண்களிடம் இருந்ததைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்காக இருந்தது. தெற்கின் தொழிற்சாலைகளிலிருந்து காற்றும் கடலும் சுமந்துவந்த நஞ்சு சீல், பெலுகா திமிங்கிலம் ஆகியவற்றின் கொழுப்பில் சேர்ந்து, உணவின் வழியே தாய்மாரை அடைந்திருந்தது.

இந்தச் செய்தி ஓர் ஊரில் எப்படிச் சென்று விழும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். குழந்தைக்குப் பால் கொடுக்கலாமா, கொடுக்கக்கூடாதா? சீல் இறைச்சியை விட்டால் அடுத்து என்ன உண்பது? கடையில் விற்கும் உணவோ விலையும் அதிகம், சத்தும் குறைவு. ஆய்வின் எண்கள் மட்டும் கையில் இருந்தால் இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்ல முடியாது. முடிவை எப்படி, எந்த மொழியில், எந்த அறிவுரையோடு சொல்வது என்பதும் ஆராய்ச்சியின் பகுதியே என்பதை வடபுலம் அப்போது கற்றுக்கொடுத்தது. அதன் தொடர்ச்சியாக 1991இல் கனடாவில் வடபுல மாசுப்பொருள் திட்டம் தொடங்கியது. இனுவிட் அமைப்புகள் அதன் நிர்வாகத்திலேயே இடம்பெற்றன. அதே ஆண்டு எட்டு ஆர்க்டிக் நாடுகள் பின்லாந்தின் ரோவனியெமியில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு உடன்பாடு செய்துகொண்டபோது, மேரி சைமன் தலைமையிலிருந்த சுற்றுதுருவ மன்றமும் அந்தப் பேச்சுகளில் கலந்துகொண்டது. பத்து ஆண்டுகள் கழித்து 2001இல் உருவான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் முகப்புரை, இத்தகைய நச்சுகளால் ஆர்க்டிக்கின் தொல்குடிகள் தனித்த ஆபத்துக்கு உள்ளாகிறார்கள் என்று எழுத்தில் ஒப்புக்கொண்டது.

2018இல் கனடாவின் இனுவிட் தேசிய அமைப்பான இனுவிட் தபிரிட் கனடமி, ஆராய்ச்சிக்கென ஒரு தேசிய உத்தியை வெளியிட்டது. அதை மேரி சைமனின் ஆவணம் என்று சொல்வது பிழை. அவருக்குப் பின் வந்த தலைமுறையின் பணி அது. ஆனால் அதன் ஐந்து முன்னுரிமைகளைப் படிப்பவருக்கு அவை எங்கிருந்து வளர்ந்தன என்பது விளங்கும்:

1. ஆராய்ச்சியை நெறிப்படுத்தும் அவைகளில் இனுவிட் மக்களுக்கு இடம்.
2. ஆய்வு ஒழுக்கம்.
3. இனுவிட் மக்களின் தேவைக்கேற்ப நிதி ஒதுக்கீடு.
4. தரவுகளைப் பார்க்கவும், உடைமையாகக் கொள்ளவும், கட்டுப்படுத்தவும் உரிமை.
5. வடக்கிலேயே ஆய்வுத் திறனை வளர்த்தல்.

கடைசி முன்னுரிமை நிறைவேறாமல் முதல் நான்கும் நிலைக்காது. ஆய்வாளராவதற்குப் பள்ளிப்படிப்பு முடிய வேண்டும். அங்கேதான் சிக்கல் இருக்கிறது.

2011ஆம் ஆண்டின் கல்வி உத்தி

2006 முதல் 2012 வரை மேரி சைமன் இனுவிட் தபிரிட் கனடமியின் தலைவராக இருந்தார். 2008 ஜூன் 11 அன்று பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் நாடாளுமன்றத்தில் உறைவிடப் பள்ளிகளுக்காக மன்னிப்புக் கேட்டபோது, பதிலுரைக்க எழுந்த மேரி சைமன் முதலில் இனுக்டிடுட்டில் பேசினார். மொழியும் பண்பாடும் இன்னும் உயிரோடு வலுவாக இருக்கின்றன என்று காட்டுவதற்காகவே அப்படிப் பேசியதாக அவர் விளக்கினார்.

அதே 2008இல் இனுவிக் நகரில் இனுவிட் கல்வி மாநாடு கூடியது. 2009இல் ஒரு கல்வி உடன்பாடு கையெழுத்தாகி, நான்கு பகுதிகளின் இனுவிட் அமைப்புகளும் அரசுகளும் ஒரே தேசியக் குழுவில் அமர்ந்தன. குழுவின் தலைவர் மேரி சைமன். 2011இல் குழு தன் உத்தியை வெளியிட்டது. இனுவிட் பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் மூவர் உயர்நிலைப் பள்ளியை முடிப்பதில்லை என்பதே அதன் தொடக்க உண்மை. நான்கு வெவ்வேறு ஆட்சிப் பகுதிகளில், நான்கு கல்வித் துறைகளின் கீழ் இருந்த பிள்ளைகளை முதல் முறையாக ஒரே கணக்கில் வைத்துப் பார்த்தது அந்த ஆவணம்.

பத்து முதலீடுகளை அது கோரியது. அவற்றில் நான்கை மட்டும் இங்கே விளக்குவது போதும்.

1. இருமொழிப் பாடத்திட்டம். இனுவிட் மொழியிலும், ஆங்கிலம் அல்லது பிரெஞ்சிலும் பிள்ளைகள் எழுதப் படிக்கத் தேர வேண்டும். தெற்கின் பாடநூலை மொழிபெயர்த்துக் கொடுப்பதை இது குறிக்கவில்லை. இனுவிட் வரலாற்றையும் உலகப் பார்வையையும் கொண்ட பாடங்களைக் கேட்டது.

2. இருமொழி ஆசிரியர்கள். இது மற்ற எல்லாவற்றுக்கும் முன்நிபந்தனை. தெற்கிலிருந்து வரும் ஆசிரியர்கள் ஓரிரு ஆண்டுகளில் திரும்பிப் போய்விடுவது வடக்கின் பழைய நோய். ஊரிலேயே பிறந்து ஊரிலேயே தங்கும் ஆசிரியர்கள் இல்லாமல், சட்டத்தில் எந்த மொழியை எழுதிவைத்தாலும் அது வகுப்பறையை எட்டாது.

3. ஒரே எழுத்துமுறை. வெளியார் இதை ஒரு நுணுக்கமான துணைச் செய்தியாக எண்ணிவிடக்கூடும். கனடாவின் இனுவிட் மொழி ஒன்பது எழுத்துமுறைகளில் எழுதப்பட்டுவந்தது. நூனவுட்டின் பெரும்பகுதியிலும் நூனாவிக்கிலும் அசை எழுத்து வழங்குகிறது. ஒரு வடிவத்தைத் திருப்பி வைத்தால் அதன் உயிரொலி மாறும் முறை அது. மேற்கிலும், கிழக்கே நூனட்சியாவுட் அமைந்த லாப்ரடார் கரையிலும் ரோமன் எழுத்து. அதிலும் ஊருக்கொரு மரபு. வெவ்வேறு திருச்சபையினர் வெவ்வேறு காலத்தில் வந்து கற்பித்ததன் விளைவு இது. ஏறத்தாழ 40,000 பேர் பேசும் மொழியில்கூட ஒரு பாடநூலை ஒரே தடவை அச்சிட்டு எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுக்க முடியாத நிலை. ஆனால் அசை எழுத்தில் பைபிளையும் கடிதங்களையும் படித்து வளர்ந்த முதியவர்களுக்கு அது உயிரோடு கலந்த எழுத்து. அவர்களுடைய எதிர்ப்பை மதிக்காமல் இதைச் செய்திருக்க முடியாது. நீண்ட கலந்தாய்வுக்குப் பின் 2019இல் ரோமன் எழுத்தில் அமைந்த ஒரு பொதுமுறை துணை எழுத்துமுறையாக ஏற்கப்பட்டது. பழைய எழுத்துகளை விரும்புவோர் தொடர்ந்து பயன்படுத்தத் தடையில்லை.

4. இனுவிட் நிலத்தில் ஒரு பல்கலைக்கழகம். கிரீன்லாந்தின் மக்கள்தொகை 60,000க்கும் குறைவு. அங்கே நூக் நகரில் 1980களிலிருந்து பல்கலைக்கழகம் உண்டு. கனடாவின் இனுவிட் மாணவர் பட்டம் பெற வேண்டுமானால் பெரும்பாலும் குடும்பத்தை விட்டுத் தெற்கே செல்வதே வழி. உறைவிடப் பள்ளியின் நினைவு மாறாத வீடுகளில் அந்தப் பிரிவு வெறும் பயணமாகத் தோன்றுவதில்லை.

இளையோர்: பள்ளிக்கு வெளியே இருப்பது

பள்ளியை விட்டுச் செல்வதற்கான காரணங்கள் பல வேளைகளில் பள்ளிக்கு வெளியே இருக்கின்றன. ஒரே வீட்டில் பல குடும்பங்கள் நெருக்கி வாழும் நிலை, உணவுப் பற்றாக்குறை, காசநோய், குடும்பங்களில் தலைமுறை கடந்து தொடரும் உறைவிடப் பள்ளிக் காயங்கள் ஆகியவை அவற்றில் சில. இனுவிட் இளையோரிடையே தற்கொலை விகிதம் கனடாவின் சராசரியைவிடப் பன்மடங்கு அதிகம். இது இயற்கையான இயல்பென்றோ நெடுநாள் வழக்கென்றோ எண்ணுவது பெரும் பிழை. ஊர்களில் கட்டாயக் குடியேற்றமும் பள்ளிக்காகப் பிள்ளைகளைப் பிரித்ததும் நடந்த காலத்தில் வளர்ந்த தலைமுறையிலிருந்துதான் அந்த எண் உயரத் தொடங்கியது.

மேரி சைமன் இந்தச் சிக்கலைப் பல ஆண்டுகள் வெளிப்படையாகப் பேசிவந்தார். ஆர்க்டிக் குழந்தைகள், இளையோர் அறக்கட்டளையைத் தொடங்கி அதற்குத் தலைமை வகித்தார். வன்முறைக்கு உள்ளான பிள்ளைகள் தங்களுக்கு நேர்ந்ததைக் காவல்துறைக்கும் மருத்துவருக்கும் சமூகப் பணியாளருக்கும் தனித்தனியே திரும்பத் திரும்பச் சொல்ல நேராமல் ஒரே கூரையின் கீழ் உதவி பெறும் மையம் ஒன்றை அந்த அறக்கட்டளை 2019இல் இக்கலுயிட் நகரில் திறந்தது.

2016இல் மைய அரசு அவரை ஆர்க்டிக் குறித்த சிறப்புப் பிரதிநிதியாக நியமித்தது. 2017இல் அவர் அளித்த அறிக்கையின் பெரும்பகுதி கடல், நிலப் பாதுகாப்பு பற்றியது. ஆனால் கல்வி, மனநலம், வீட்டுவசதி, மொழி ஆகியவற்றைத் தனியே வைத்துவிட்டு ஆர்க்டிக் பாதுகாப்பைப் பற்றிப் பேச முடியாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். காப்பதற்குரிய நிலத்தைக் காக்கும் பணியாளராக அந்த ஊர்களின் இளைஞர்களையே அமர்த்தலாம் என்ற எண்ணம் அந்த அறிக்கை நெடுகிலும் ஓடுகிறது.

மீண்டும் பிரெஞ்சு

2021 ஜூலை 26 அன்று அவர் பதவியேற்றார். பகல் பள்ளியில் பிரெஞ்சு கற்கும் வாய்ப்புத் தமக்கு மறுக்கப்பட்டது என்றும் இனி அதைக் கற்பதாகவும் முன்னரே சொல்லியிருந்தார். அவ்வாண்டு நவம்பரில் அரசின் கொள்கை உரையில் ஆங்கிலம், பிரெஞ்சு ஆகியவற்றோடு இனுக்டிடுட்டும் ஒலித்தது. 2024 செப்டம்பரில் கியூபெக் நகரில் சமூக அமைப்பொன்றுக்குச் சென்றபோது அவருடைய பிரெஞ்சு போதாமை மீண்டும் செய்தியானது.

கியூபெக் மக்களின் மனக்குறையைப் பொருட்படுத்தாமல் விடக்கூடாது. வட அமெரிக்காவின் ஆங்கிலக் கடலில் தங்கள் மொழியைக் காத்துவந்தவர்கள் அவர்கள். நாட்டின் உயர்ந்த இருக்கையில் தங்கள் மொழி கேட்க வேண்டும் என்று விரும்புவது நியாயம். ஆயினும், பிரெஞ்சும் இனுக்டிடுட்டும் ஒரே பள்ளியின் கதவுக்கு வெளியே ஒன்றாக நிறுத்தப்பட்டிருந்தன என்பதை அந்த விவாதத்தில் மிகச் சிலரே குறிப்பிட்டனர். அலுவல் மொழிச் சட்டம் கணக்கில் கொள்ளும் இருமொழி ஆங்கிலமும் பிரெஞ்சும் மட்டுமே. அந்த நிலத்தில் இரண்டுக்கும் முந்திய மொழியை வாழ்நாள் முழுதும் சுமந்துவந்த ஒருவர் அந்தச் சட்டத்தின் பார்வையில் ஒரே மொழி அறிந்தவராகிறார். குறை அவரிடம் இருப்பதாகத் தோன்றுவது, அளவுகோல் அப்படி அமைந்திருப்பதால்தான்.

எது நடந்தது, எது இன்னும் நடக்கவில்லை

காடிவிக் வாரியம் நூனாவிக்கில் பள்ளிகளை நடத்திவருகிறது. பொது எழுத்துமுறை ஏற்கப்பட்டிருக்கிறது. இனுவிட் நூனங்கட்டில் ஒரு பல்கலைக்கழகத்தை நிறுவும் திட்டத்தை இனுவிட் தபிரிட் கனடமி கையில் எடுத்திருக்கிறது. ஆர்க்டிக் மன்றத்தில் நிலையான பங்கேற்பாளர் அமைப்புகள் இன்று ஆறு.

மறுபக்கத்தில் வகுப்பறை இருக்கிறது. மக்களில் பெரும்பான்மையினர் இனுவிட்டாக உள்ள நூனவுட், 1999இல் தனி ஆட்சிப் பகுதியானது. 2008இல் அது இயற்றிய கல்விச் சட்டம், 2019-20 கல்வியாண்டுக்குள் எல்லா வகுப்புகளிலும் இருமொழிக் கல்வி வர வேண்டும் என்றது. ஆசிரியர்கள் போதவில்லை, இலக்கு எட்டப்படவில்லை. 2020இல் சட்டம் திருத்தப்பட்டது. இனுவிட் மொழிப் பாடத்தை வகுப்பு வகுப்பாக விரித்துப் பன்னிரண்டாம் வகுப்பை 2039இல் எட்டுவதாக அட்டவணை மாற்றப்பட்டது. 2021இல் நூனவுட் இனுவிட் மக்களின் உரிமை அமைப்பான நூனவுட் துங்காவிக், இது மொழியின் அடிப்படையில் பிள்ளைகளைப் பாகுபடுத்துவதாகக் கூறி ஆட்சிப்பகுதி அரசின் மீது வழக்குத் தொடுத்தது. திருத்தம் நிறைவேறிய 2020இல் முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தை 2032 வாக்கில் பள்ளிப் படிப்பை முடித்து வெளியேறும். சட்டம் குறித்திருக்கும் ஆண்டு வர அதன்பிறகும் ஏழு ஆண்டுகள் இருக்கும்.